இரும்புக்கு ஒரு போர்வை

சிலாங்கூர் மாநிலத்தின் வடமேற்குக் கரையோரத்தில், தஞ்சோங் காராங்குக்கும் செக்கிஞ்சானுக்கும் இடையில் சுங்கை புரோங் அமைந்துள்ளது. ஒரு பக்கம் மலாக்கா நீரிணை. மறுபக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் வரை நெல்வயல்கள். பெர்ணம் ஆற்றிலிருந்து திருப்பிவிடப்படும் நீர் கால்வாய்களின் வழியே வந்து இவ்வயல்களில் பாய்கிறது. ஆண்டுக்கு இரண்டு போகம் விளையும் பூமி இது. கதிர் முற்றியதும் அறுவடை இயந்திரங்கள் சேற்றில் இறங்குகின்றன. சில வாரங்கள் காலை முதல் மாலை வரை உழைக்கின்றன. பிறகு கொட்டகைக்குத் திரும்பி, அடுத்த அறுவடை வரும்வரை மாதக்கணக்கில் சும்மா நிற்கின்றன.

இயந்திரம் ஓடும்போதுதான் தேயும், நிற்கும்போது அதற்கு ஓய்வு என்று பலர் எண்ணுகிறார்கள். பட்டறையில் வேலை செய்பவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். உழைத்துத் தேய்ந்த பாகங்களோடு, சும்மா இருந்தே கெட்டுப்போன பாகங்களும் அவர்களிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அசைய மறுக்கும் சங்கிலி, இறுகிப்போன பேரிங், புள்ளி புள்ளியாக அரித்த தண்டு ஆகியவை ஓய்வுக் காலத்தில் உண்டான நோய்கள். அந்த நோய் அறுவடை நாளில்தான் வெளியே தெரியும். முற்றிய நெல் வயலில் நிற்கும். வானம் இருட்டிக்கொண்டு வரும். இயந்திரமோ நடு வயலில் நின்றுவிடும். ஒரு பலத்த மழை பெய்தால் கதிர் சாய்ந்துவிடும். சாய்ந்த கதிரை அறுப்பதும் கடினம். மணியும் ஈரமாகி முளைவிடத் தொடங்கும். நான்கு மாத உழைப்பு, கையளவே உள்ள ஓர் இரும்புத் துண்டினால் கெடக்கூடும்.

இரும்பு துருப்பிடிக்க இரண்டு பொருள்கள் தேவை: ஒன்று நீர், மற்றொன்று காற்றிலுள்ள ஆக்சிஜன். மழையில் நனைந்தால்தான் துரு வரும் என்பதில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டைத் தாண்டினாலே இரும்பின்மீது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நீர்ப்படலம் படிந்துவிடுகிறது. மலேசியாவில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். விடியற்காலையில் அது இன்னும் உயரும். இரவில் குளிர்ந்துபோன இரும்பின்மேல் காலையில் வியர்வைபோலப் பனித்துளி அரும்புவதைக் கொட்டகைகளில் காணலாம். ஆகவே, கூரைக்குக் கீழே நிறுத்தினால் போதும் என்று நினைப்பது தவறு. கூரை மழையைத்தான் தடுக்கும்; காற்றைத் தடுக்காது.

உப்பு சேர்ந்தால் நிலைமை மோசமாகிறது. துருப்பிடித்தல் என்பது உண்மையில் ஒரு மின்வேதியியல் செயல். இரும்பின் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்திற்கு மிகச் சிறிய மின்னோட்டம் பாய்கிறது. தூய நீர் மின்சாரத்தை எளிதில் கடத்தாது. உப்புநீர் நன்றாகக் கடத்தும். சுங்கை புரோங்கில் உப்பு இரு வழிகளில் வருகிறது. கடற்காற்று கொண்டுவருவது ஒன்று. வயலுக்கும் தோட்டத்துக்கும் போடும் உரம் மற்றொன்று. பொட்டாஷ் உரம் என்பதே ஒரு குளோரைடு உப்புதான். உரம் ஏற்றிய வண்டியும், உரம் தூவும் கருவியும் மற்றக் கருவிகளைவிட விரைவில் செல்லரித்ததுபோல் ஆவதற்கு இதுவே காரணம். அவ்வளவு ஏன், மனிதனின் விரலில் இருக்கும் வியர்வையே போதும். பளபளப்பாகத் தேய்த்த இரும்பை வெறுங்கையால் தொட்டு வைத்தால், சில நாள்களில் அந்த விரல்ரேகையே துருவாக எழுந்து நிற்கும். தொட்டவர் யார் என்று கண்டுபிடித்துவிடலாம்!

துரு தோன்றியபின் தானாக நின்றுவிடுவதும் இல்லை. அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்சைடுப் படலம் கெட்டியாக ஒட்டிக்கொண்டு, அடியிலுள்ள உலோகத்தைக் காக்கிறது. இரும்பின் துருவோ பொருபொருவென்று இருக்கும். நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அது, தான் தின்ற இரும்பைவிடப் பன்மடங்கு இடத்தை அடைக்கும். திருகாணியும் மரையும் பிரிக்க முடியாதபடி இறுகிப்போவது இதனால்தான்.

இரும்புக்கும் காற்றுக்கும் இடையே ஒரு தடுப்பு வேண்டும். அதுவே காப்புப் பூச்சு. எண்ணெய், கிரீஸ், மெழுகு, சாயம், வேறொரு உலோகம் என அது பல வடிவங்களில் வரும். ஆனால், எந்தப் பூச்சாக இருந்தாலும் பூசுவதற்கு முன் செய்யும் வேலையில்தான் அதன் ஆயுள் அடங்கியிருக்கிறது. அனுபவமுள்ள தொழிலாளி ஒரு நாள் வேலையில் பெரும்பகுதியைச் சுத்தம் செய்வதிலேயே செலவிடுவார். பூசுவது கடைசியில் சற்று நேரத்து வேலை. புதிதாக வருபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். சேற்றின்மேல் கிரீஸ் பூசினால், ஈரமும் உப்பும் உள்ளேயே சிறைப்படும். வெளியே பார்க்கப் பளபளப்பாக இருக்கும்; உள்ளே அரிப்பு நடந்துகொண்டே இருக்கும். அப்படிப்பட்ட பூச்சைவிடப் பூசாமல் விடுவதே மேல். பூசாத இடத்தில் துருவையாவது கண்ணால் பார்க்கலாம்.

அறுவடை இயந்திரம் வயலைவிட்டு வந்ததும் முதலில் வைக்கோலையும் பதரையும் அகற்ற வேண்டும். ஈர வைக்கோல் பஞ்சுபோல நீரைத் தாங்கிக்கொள்ளும். எலிக்கும் அது நல்ல மெத்தை. அடுத்து, நல்ல தண்ணீரால் சேற்றையும் உப்பையும் கழுவ வேண்டும். நீரை வேகமாகப் பீய்ச்சும் குழாயைப் பேரிங் இருக்கும் பக்கம் நேராகக் காட்டக்கூடாது. அந்த வேகத்தில் நீர் அடைப்பைத் தாண்டி உள்ளே புகுந்துவிடும். கழுவிய பிறகு எண்ணெய்ப் பிசுக்கை நீக்க வேண்டும். பிசுக்குப் போய்விட்டதா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. சுத்தமான நீரைத் தெளித்தால், அது உடையாமல் ஒரே படலமாகப் பரவ வேண்டும். தாமரை இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாகத் திரண்டு நின்றால், பிசுக்கு இன்னும் இருக்கிறது என்று பொருள்.

பழைய துருவைக் கம்பித் தூரிகையாலும் உப்புத்தாளாலும் தேய்த்து எடுப்பார்கள். பெரிய பாகங்களுக்கு மணல்போன்ற துகள்களைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சும் முறை உண்டு. கண்ணாடியும் முகக்கவசமும் இல்லாமல் இவ்வேலையைச் செய்யவே கூடாது. துரு நீங்கிய இரும்பு வெள்ளி நிறத்தில் மின்னும். ஆனால், நம் ஊர்க் காற்றில் அந்த வெண்மை வெகுநேரம் நிலைக்காது. சில மணி நேரத்திலேயே இளஞ்சிவப்புச் சாயல் ஏறத் தொடங்கும். எனவே, காலையில் தேய்த்ததை மாலைக்குள் பூசிவிட வேண்டும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குப் போகக்கூடாது. சாயம் பூசுவோர் மற்றொரு விதியையும் கடைப்பிடிப்பர். ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போது பூசமாட்டார்கள். இரும்பின் வெப்பநிலை பனித்துளி உருவாகும் வெப்பநிலையைவிடக் குறைந்தது 3 பாகை செல்சியஸ் கூடுதலாக இருக்க வேண்டும் என்பதும் அவ்விதியில் அடங்கும். இதனால், கரையோரப் பட்டறைகளில் விடிந்தவுடன் தூரிகையை எடுப்பது பயன் தராது. வெயில் ஏறி இரும்பு காய்ந்தபின், பிற்பகல் மழைக்கு முன் கிடைக்கும் இடைவெளியே வேலைக்கு ஏற்ற நேரம்.

இனி, எந்தப் பாகத்துக்கு எந்தப் பூச்சு என்ற கேள்வி எழும். எல்லாவற்றுக்கும் ஒரே டப்பாவைத் திறப்பது சோம்பேறித்தனம். கதிரை வெட்டும் கத்திகள், சாயம் இல்லாத தண்டுகள், பற்சக்கரங்கள் ஆகியவற்றுக்குத் துருத்தடுப்பு எண்ணெயோ மெழுகு கலந்த திரவமோ ஏற்றது. இத்திரவத்திலுள்ள கரைப்பான் ஆவியானதும், மெல்லிய மெழுகுப் படலம் இரும்பில் ஒட்டி நிற்கும். சங்கிலியைக் கழற்றிக் கழுவி, நன்கு உலர்த்தி, எண்ணெயில் ஊறவைத்து எடுப்பார்கள். மேலே தடவுவதால் பயனில்லை, எண்ணெய் ஒவ்வொரு கண்ணியின் உள்ளேயும் இறங்க வேண்டும். பேரிங்குகளில் பழைய கிரீஸ் வெளியே பிதுங்கும்வரை புதிய கிரீஸைச் செலுத்துவது வழக்கம். பிதுங்கி வருவதோடு உள்ளே புகுந்த ஈரமும் வெளியேறும். எல்லாப் பக்கமும் அடைத்து மூடிய பேரிங்குகளுக்கு இது பொருந்தாது.

தனிக் கவனம் தேவைப்படுவது ஹைட்ராலிக் தண்டு. இயந்திரத்தின் முன்பகுதியை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் பளபளப்பான உருளை அது. இயன்றவரை அதை உள்ளே இழுத்த நிலையிலேயே நிறுத்த வேண்டும். வெளியே நீண்டிருக்கும் பகுதிக்குக் கிரீஸ் தடவ வேண்டும். அதன்மேல் எள்ளளவு குழி விழுந்தாலும் போதும். தண்டு உள்ளே போய் வரும் ஒவ்வொரு முறையும் அந்தக் குழியின் விளிம்பு ரப்பர் அடைப்பை அரம்போல் அராவும். பிறகு எண்ணெய் கசியும், அழுத்தம் குறையும், முன்பகுதி உயராது. ஒரு கரண்டி கிரீஸ் மிச்சப்படுத்தியதற்கு முழு உருளையையும் மாற்ற வேண்டி வரும்.

பூசக்கூடாத இடங்களும் உண்டு. ரப்பர்ப் பட்டைகளில் எண்ணெய் பட்டால் அவை உப்பி வழுக்கும். அவற்றைத் தளர்த்தி வைத்தால் போதும். பிரேக், கிளட்ச் ஆகியவற்றின் உராயும் பரப்பில் ஒரு துளி எண்ணெயும் படக்கூடாது. படிந்தால் ஆளின் உயிருக்கே ஆபத்து.

செலவைக் குறைக்கச் சிலர் சமையல் எண்ணெயை எடுத்துப் பூசுவதுண்டு. செம்பனை விளையும் நாட்டில் அது மலிவாகக் கிடைப்பதால் இந்த ஆசை வருகிறது. தாவர எண்ணெய் நாளடைவில் சிக்குப்பிடித்துப் பிசினாகும். அதில் உண்டாகும் கொழுப்பு அமிலம் உலோகத்தையே தாக்கும். எஞ்சினிலிருந்து வடித்த கறுப்பு எண்ணெயும் அப்படித்தான். எரிந்த எரிபொருளின் அமிலக் கழிவும் ஈரமும் அதில் கலந்திருக்கும். காப்பதற்குப் பூசியது அரிப்பதற்கு வழிவிடும்.

தற்காலிகப் பூச்சுகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. தமிழகக் கிராமங்களில் மாட்டுவண்டியின் அச்சுக்கு வண்டி மை போட்டார்கள். அது உராய்வைக் குறைத்ததோடு இரும்பையும் காத்தது. கொல்லர்கள் சூடான இரும்பை எண்ணெயில் தோய்த்துக் கறுப்பாக்கினார்கள். இரண்டாம் உலகப் போரின்போது துப்பாக்கிகளும் இயந்திர உதிரிப் பாகங்களும் கப்பல்களில் கடல் கடந்தன. அவை துருப்பிடிக்காமலிருக்கக் காஸ்மோலின் என்னும் பழுப்பு நிற மெழுகுப் பூச்சைத் தடவினார்கள். பெட்ரோலியத்திலிருந்து செய்த அந்தப் பூச்சு பல்லாண்டுகள் கழிந்த பின்னும் இரும்பைப் புதிதுபோல் வைத்திருந்தது. அதைச் சுரண்டி எடுப்பதுதான் பெரும்பாடு. இன்றும் புதிய உதிரிப் பாகத்தின் உறையைப் பிரித்தால் இதுபோன்ற மெழுகோ எண்ணெயோ கையில் ஒட்டும். பொருத்துவதற்கு முன் அதைத் துடைத்தெடுக்க வேண்டும். புதிய பேரிங் மட்டும் விதிவிலக்கு. அதன் உள்ளே இருக்கும் காப்பு எண்ணெய் பொதுவாகக் கிரீஸோடு ஒத்துப்போகும். வெளிப்புறத்தை மட்டும் துடைத்தால் போதும். மண்ணெண்ணெயில் கழுவினால் உள்ளே தூசியைச் சேர்ப்பதாகவே முடியும்.

எண்ணெயும் மெழுகும் மாதக்கணக்கில் காக்கும். ஆண்டுக்கணக்கில் நீரிலும் வெயிலிலும் நிற்கும் இரும்புக்கு அவை போதா. கால்வாயின் மதகுகளையும் கைப்பிடிக் கம்பிகளையும் போகத்துக்குப் போகம் துடைத்துப் பூச முடியுமா? அங்கே உலோகமே உலோகத்துக்குப் போர்வையாகிறது. உருகிய துத்தநாகத்தில் இரும்பைத் தோய்த்தால் அதன்மேல் ஒரு படலம் ஒட்டும் என்பதைப் பிரான்சைச் சேர்ந்த மலூவான் 1742இல் விளக்கினார். அதே நாட்டின் பொறியியலாளர் சொரெல் 1837இல் இம்முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டியில்தான் இரும்பை மூழ்க வைக்கிறார்கள். கனமான இரும்பின்மேல் படியும் பூச்சின் தடிப்பு 85 மைக்ரோன் அளவில் இருக்கும். மனிதனின் தலைமுடியும் கிட்டத்தட்ட அவ்வளவு தடிப்புதான்.

துத்தநாகத்தின் சிறப்பு அது மூடுவதில் மட்டும் இல்லை. பூச்சில் கீறல் விழுந்து இரும்பு வெளியே தெரிந்தாலும், அரிப்பு முதலில் துத்தநாகத்தையே தின்னும். துத்தநாகம் இரும்பைவிட எளிதில் வினைபுரியும் என்பதே காரணம். தன்னைத் தேயவிட்டு இரும்பைக் காக்கும் இயல்பு அதற்கு உண்டு. வெள்ளீயம் இதற்கு நேர்மாறானது. மலேசியர் ஈயம் என்று பொதுவாகச் சொல்வது இந்த வெள்ளீயத்தைத்தான். 1810இல் இங்கிலாந்தில் பீட்டர் டூரண்ட் தகர டப்பாவுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு, உணவுப் பொருள்களை அடைக்க வெள்ளீயம் பூசிய தகடு பெருமளவில் தேவைப்பட்டது. பேராக், சிலாங்கூர் மாநிலங்களின் ஈயச் சுரங்கங்கள் செழித்ததற்கு அந்தத் தேவையும் ஒரு காரணம். ஆயினும், வெள்ளீயப் பூச்சில் கீறல் விழுந்தால் அடியிலுள்ள இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும். நசுங்கிக் கீறிய பால் டப்பாவை மழையில் போட்டுவைத்தால் இதைக் கண்கூடாகக் காணலாம். ஒரு பூச்சு முழுமையாக இருக்கும்போது எப்படிக் காக்கிறது என்பதைப் போலவே, கீறல் விழுந்தபின் எப்படி நடந்துகொள்கிறது என்பதும் முக்கியம்.

கடற்காற்றோடு இரும்பு நடத்தும் போராட்டத்தைத் தமிழர் நன்கறிந்த இடம் பாம்பன். இராமேசுவரம் தீவைத் தமிழகத்தின் பெருநிலத்தோடு இணைக்கும் ரயில் பாலம் 1914இல் திறக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுப் புயலில் சேதமடைந்து, மீண்டும் சீரமைக்கப்பட்டு, நூறாண்டுக்கு மேல் அது உழைத்தது. அதைத் தாங்கி நிறுத்தியதில் இரும்புக்கு எவ்வளவு பங்கோ, அவ்வளவு பங்கு சுரண்டிச் சுரண்டிச் சாயம் பூசிய பராமரிப்புத் தொழிலாளர்களுக்கும் உண்டு. எனினும், அரிப்பு மெல்ல மெல்ல முந்தியது. பாதுகாப்புக் கருதி 2022 டிசம்பரில் அப்பாலத்தில் ரயில் போக்குவரத்து நிறுத்தப்பட்டது. பக்கத்திலேயே கட்டப்பட்ட புதிய பாலம் 2025 ஏப்ரல் 6ஆம் நாள் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர் நீளமுள்ள அப்பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் பயன்படுத்தியுள்ளனர். எஃகின்மேல் பாலிசிலாக்ஸேன் என்னும் தனிவகைப் பூச்சையும் பூசியுள்ளனர்.

இத்தகைய அரிப்பை ஆராய்வதற்கென்றே தமிழகத்தில் ஒரு நிறுவனம் இயங்குகிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் வழங்க, 1948இல் காரைக்குடியில் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமே அது. பாம்பனை அடுத்த மண்டபத்தில் அந்நிறுவனத்துக்குச் சோதனை நிலையம் உண்டு. அங்கே உலோகத் தகடுகளைக் கடற்காற்றில் நிறுத்தி, எந்தப் பூச்சு எவ்வளவு காலம் தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். ஆய்வுக்கூடத்தின் கணக்கு ஒன்று. கடற்கரையின் தீர்ப்பு வேறு.

பூச்சைப் பற்றிப் பேசும்போது டில்லி இரும்புத் தூணையும் சிலர் நினைவுகூர்வர். 1,600 ஆண்டுகளாக வெட்டவெளியில் நிற்கும் அந்தத் தூண் ஏன் துருவால் அழியவில்லை? கான்பூர் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் ஆர். பாலசுப்பிரமணியம் இதை விரிவாக ஆராய்ந்தார். தூணின் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதியாக உள்ளது. அதனால், தூணின் மேல் மெல்லிய பாஸ்பேட்டுப் படலம் தானாகவே உருவாகி இரும்பைக் காக்கிறது என்று அவர் விளக்கினார். வாகனத் தொழிற்சாலைகளில் சாயம் பூசுவதற்கு முன் இரும்பைப் பாஸ்பேட்டுக் கரைசலில் தோய்க்கிறார்கள். அங்கே தானாக நடந்ததை இங்கே வேண்டுமென்றே செய்கிறார்கள். டில்லியின் வறண்ட காற்றும் தூணுக்குத் துணை நின்றது என்பதை மறந்துவிடக்கூடாது. அதே தூணைச் சுங்கை புரோங்கின் கரையில் நட்டிருந்தால் இவ்வளவு பெருமையோடு நின்றிருக்குமா என்பது ஐயமே.

வயல்களைத் தாண்டி உள்நாட்டுப் பக்கம் போனால் தோட்டங்கள் வரும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமாரம் 1917இல் இந்தக் கோலா சிலாங்கூர் வட்டாரத்தில்தான் தொடங்கியது. அதன் பெயரிலேயே தமிழ் ஒலிப்பதைக் கவனிக்கலாம். தோட்டத்து டிராக்டர், குலை அறுக்கும் அரிவாள், செம்பனை ஆலையின் உதிரிப் பாகக் கிடங்கு என எங்கும் இதே விதிதான். ஆலை ஒருநாள் நின்றால் அறுத்த பழக்குலைகள் காத்திருக்கும். காத்திருக்கும் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் இறங்கும். கிடங்கில் மாற்றுத் தண்டு இருந்தும் அது துருவேறிக் கிடந்தால், இருப்பதும் இல்லாததும் ஒன்றே.

நல்ல கிடங்கில் பூசிய ஒவ்வொரு பாகத்திலும் ஒரு சீட்டுத் தொங்கும். பூசிய நாள், பூச்சின் வகை, அடுத்துப் பார்க்க வேண்டிய நாள் ஆகியவை அதில் இருக்கும். கூர்மையான விளிம்புகளையும் அடிப்பக்கத்தையும் முதலில் பார்ப்பார்கள்; விளிம்பில் பூச்சு எப்போதும் மெலிந்தே நிற்கும், அடிப்பக்கத்தில் ஈரம் தேங்கும். சிவப்புப் புள்ளி ஒன்று தெரிந்தால், அந்த இடத்தைத் தேய்த்து மறுபடியும் பூசுவது பத்து நிமிட வேலை. அறுவடை நெருங்கியதும் மெழுகைத் துடைத்தெடுத்து, வேண்டிய இடங்களில் மசகு இடுவார்கள். துடைத்த துணியையும் வடித்த எண்ணெயையும் மலேசியச் சட்டம் அட்டவணைக் கழிவு என வகைப்படுத்தியுள்ளது. அவற்றை மூடிய கலனில் சேர்த்து, உரிமம் பெற்றவர்களிடம் ஒப்படைக்க வேண்டும். பட்டறைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் வீசக்கூடாது. நாற்று நட்டபின் வயலுக்குப் பாயப்போவது அந்த வாய்க்கால் நீர்தான்.